கொடுக்காத நாலு மாடு

லட்டிகோவின் கழுத்தில் பதினேழு வருஷமாக ஒரு தோல்பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஊர்த் தலைவரின் சீல். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் நற்கருணை கொடுக்கும்போது பை முன்னால் ஆடிக் கிண்ணத்தில் இடிக்கும். ஆடு விற்க அந்த சீல் வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். போலீஸில் புகார் கொடுக்க வேண்டும், பிறகு மனசு மாறிப் புகாரைத் திரும்ப வாங்கவும் வேண்டும். செத்தவன் நிஜமாகவே செத்தான் என்று அரசாங்கம் நம்புவதற்கும் லட்டிகோவின் ஊதா மை வட்டம்தான். சண்டை ஓய்ந்து முகாமிலிருந்து ஜனங்கள் பஜெங்கோவுக்குத் திரும்பியபோது கிணறு தூர்ந்து கிடந்தது, பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை, கோயில் மணியை யாரோ உருக்கியிருந்தார்கள். சீல் மட்டும் கீறல் விழாமல் இருந்தது. அரசாங்கம் வந்துவிட்டது என்று லட்டிகோ அதைத்தான் தூக்கிக் காட்டினார். ஜனங்களும் கைதட்டினார்கள். வேறு எதைப் பார்த்துத் தட்டுவது?

அந்த சீலுக்கு ஒரு நாள் தான் ஆசைப்படுவோம் என்று லாலாம் கனவிலும் நினைத்ததில்லை. அவள் ஆசைப்பட்டதெல்லாம் எள்ளு வயல். பாறைக்கும் ஓடைக்கும் நடுவே ஒரு துண்டு நிலம், அதன் மேட்டில் ஒரு வட்டக் குடிசை, மூன்று பிள்ளைகள். புருஷன் யுஸ்தினோ முகாமில் இருந்த காலத்தில் மரவள்ளி பிடுங்கி வருகிறேன் என்று இந்த வயலுக்குத்தான் வந்தான். யார் சுட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. சுடுவதற்கு ரெண்டு தரப்பிலும் ஆள் இருந்தது.

மழை பிடித்த முதல் வாரம் கொழுந்தன் ஒஜாரா நாலு குச்சியோடு வந்தான். சண்டைக்காலம் முழுக்கத் தலைநகரத்தில் ஒரு வங்கி வாசலில் காவல் நின்றவன். திரும்பி வரும்போது ஒரு கோட்டும், ‘வளர்ச்சி’ என்ற ஒரு வார்த்தையும் கொண்டுவந்தான். ரெண்டையும் வெயிலில்கூடக் கழற்றுவதில்லை. வயலின் நாலு மூலையிலும் குச்சியை ஊன்றிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான்.

“மதினி, இதை நீங்க பாறைன்னு நினைச்சிட்டு இருக்கீக. இது பாறை இல்லை. ஜல்லி. ரோடு போடுதவன் லாரி லாரியா அள்ளுவான். சண்டையில இடிஞ்ச நாட்டைக் கட்டணும்லா?”

“நல்லாக் கட்டுங்க கொழுந்தனாரே. அதுக்கு என் வீட்டை எதுக்கு இடிக்கணும்?”

“உங்க வீடா?” ஒஜாரா கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டான். “எங்கண்ணன் உங்களுக்கு மாடு கொடுத்தானா? முகாம்ல ஒரு தார்ப்பாய்க்குக் கீழ சேந்து இருந்தீக. அதுக்குப் பேரு கல்யாணமா? மாடு கொடுக்காத பொம்பளைக்கு எங்க குலத்துல அடுப்பு கிடையாது. அறுவடை வரைக்கும் இருங்க. அப்புறம் உங்கண்ணன் வீட்டுக்குப் போங்க.”

பெண் எடுத்ததற்கு லாலாமின் அண்ணன் வீட்டுக்கு யுஸ்தினோ நாலு மாடு கொடுப்பதாகப் பேச்சு நடந்தது உண்மைதான். பேச்சுதான் நடந்தது. முகாமில் யாரிடம் மாடு இருந்தது? ஊர் ஊராக இருந்த மாடெல்லாம் சண்டையின் முதல் வருஷங்களிலேயே துப்பாக்கிக்காரர்களோடு போய்விட்டது. பஜெங்கோவில் பாதிக் கல்யாணம் இப்படித்தான், மாட்டைக் கடன் சொல்லி நடந்தவை. ஊர் திரும்பிய பிறகுதான் மாடு கொடுக்காதது பலருக்கு ஞாபகம் வந்தது. பெரும்பாலும் புருஷன் செத்த வீடுகளில்.

லாலாம் ஒரு சேவலைக் கையில் பிடித்துக்கொண்டு லட்டிகோவிடம் போனாள். இந்த வயல் இன்னாருடைய பெண்டாட்டி வயல் என்று ஒரு கடிதம், அதில் ஒரு சீல். லட்டிகோ சேவலை வாங்கிக் கட்டினார்.

“மாடு இல்லாம பொண்டாட்டின்னு எழுதினா சீலுக்கு மரியாதை இல்லம்மா.”

“அப்போ ஒஜாரா விக்கிற பத்திரத்துலயும் போட மாட்டீகள்லா?”

“அவனுக்கு எதுக்குப் போடணும்? அந்தப் பாறை எங்க பாட்டன் மாடு மேய்ச்ச பாறை. எங்க குலத்துப் பாறை.”

ஆக, அவர் அவளுக்கும் போடவில்லை, ஒஜாராவுக்கும் போடவில்லை. தனக்கே போட்டுக்கொள்ள நேரம் பார்த்திருந்தார். சேவலும் திரும்பி வரவில்லை.

அந்த மாசம்தான் பதினேழு வருஷத் தூக்கம் கலைந்து அரசாங்கம் ஊர்த் தலைவர் தேர்தலை அறிவித்தது. வாக்குச்சீட்டு அச்சடிக்க வழியில்லையாம். வேட்பாளர் மரத்தைப் பார்த்து நிற்க வேண்டும், வேண்டியவர்கள் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும், தலையை எண்ண வேண்டும். வட்டார மண்டபத்தில் ‘பெண்களும் தலைமையும்’ என்று மூன்று நாள் பயிற்சி நடந்தது. நகரத்து அம்மாள் ஒருத்தி மூன்று நாளும் குளிர்கண்ணாடியைக் கழற்றாமல், “உங்களுக்குள் ஒரு தலைவி உறங்குகிறாள்” என்றாள். பின்வரிசையில் நாலைந்து பேர் நிஜமாகவே உறங்கிக்கொண்டிருந்தார்கள். முடிவில் ஆளுக்கு ஒரு மஞ்சள் பனியனும் ரெண்டு சோடாவும் கிடைத்தன. லாலாம் சோடாவைப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தாள். வரும் வழியிலேயே வேட்பு மனுவில் பெயரும் கொடுத்துவிட்டு வந்தாள்.

தேர்தலுக்கு முந்தின நாள் எள்ளு வயலில் களை. அக்வேரோ ஒத்தாசைக்கு வந்திருந்தாள். ஊரில் சோளக் கள்ளு காய்ச்சுகிறவள். அவள் குரல் ஓடைக்கு அந்தப் பக்கமும் கேட்கும். அவள் புருஷனும் மாடு கொடுக்காமலேயே செத்தவன்.

“அறுபத்தொண்ணு,” என்றாள் அக்வேரோ, களைக்கொத்தை மண்ணில் குத்தி நிறுத்தி. “வீடு வீடா எண்ணிட்டேன். நம்ம பொம்பளைக அறுபத்தொண்ணு. போனாப் போவுதுன்னு கள்ளுக்கடன்காரனுவ ஒரு இருபது. லட்டிகோ பையோட ஆத்துல போயி விழ வேண்டியதுதான்.”

“சத்தமாப் பேசாத.”

“பேசுனா என்ன? ஏட்டி, அவரு பொண்டாட்டி என்ன சொன்னா தெரியுமா? ராத்திரி புரண்டு படுத்தா அந்த சீலு அவ முதுகுல குத்துதாம். பதினேழு வருஷமா. எந்திரிச்சுப் பாத்தா முதுகுல ஊர் பேரு இருக்காம்.”

லாலாம் சிரித்துவிட்டாள். மேகம் இறங்கி வந்தது. ரெண்டு பேரும் பாறை ஓரமாக ஒதுங்கி, கேழ்வரகுக் களியைப் பிட்டுப் புளிச்சக்கீரையில் தொட்டுத் தின்றார்கள். கீரையில் எள்ளு விழுது அதிகம், தேர்தல் தாராளம்.

“ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்க,” என்றாள் அக்வேரோ வாயில் களியோடு. “அந்த ஒஜாரா பக்கம் நீ ஒரு சிரிப்பு சிரிச்சாலும் நான் உன்னைச் சும்மா விட மாட்டேன். உன் வயலு போச்சுன்னா அடுத்தது என் வயலு. அப்புறம் இந்த ஊர்ல எந்தத் தாலியறுத்தவளுக்கும் அடுப்பு இல்லை.”

“அவன் மூஞ்சியில முழிச்சே ஒரு மாசம் ஆச்சு.”

“முழிக்காத. நல்லது.”

சைக்கிள் மணி கேட்டது. லாலாமின் அண்ணன் கோமாகெச். எட்டு மைல் மிதித்து வந்திருந்தான். கால்சட்டை முழங்கால்வரை சேறு. தங்கச்சி தேர்தலில் நிற்பதைப் பார்க்க வந்தேன் என்றான். உண்மையான காரணம் அடுத்த மூச்சில் வந்தது.

“நாளைக்கு ஊரே கூடியிருக்கும்லா? ஒஜாரா குலத்துப் பெரியாளுக எல்லாரும் இருப்பாக. தேர்தல் முடிஞ்சதும் அந்த நாலு மாட்டுப் பேச்சை எடுக்கலாம்னு இருக்கேன்.”

“அண்ணே, நாளைக்கா?”

“பின்னே எப்போ? என் மவனுக்கு வயசு இருபத்தஞ்சு ஆகுது. பொண்ணு வீட்டுல நாலு மாடு இல்லாம வாசப்படி மிதிக்காதேன்னுட்டாவ. பயல் பேசுறதில்லை, சரியாச் சாப்பிடுறதில்லை. என் கையில என்ன இருக்கு? உன் மாடு வந்தாத்தான் அவனுக்கு மாடு. நான் அவனுக்கு வாக்குக் கொடுத்துட்டுத்தான் சைக்கிளை எடுத்தேன்.”

லாலாம் களியை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் தின்றான். பசியோடு தின்றான் என்பதைப் பார்க்காத மாதிரி அவள் மேகத்தைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்து மாமரத்தடி நிறைந்துவிட்டது. மழை விட்டிருந்தாலும் இலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தேர்தல் அதிகாரியாகப் பக்கத்து ஊர் வாத்தியார் வந்திருந்தார். ஒல்லி ஆள், யாரோ பருத்த மனிதருக்குத் தைத்த கோட்டு. ஒரு மேசை, ஒரு நோட்டு, ஒரு விசில். தள்ளி, மோட்டார் சைக்கிளில் சாய்ந்து, பாறையை வாங்க வந்த ஜல்லிக்காரன் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான்.

வாத்தியார் விதிகளைப் படித்து முடித்ததும் லட்டிகோ எழுந்தார். பையைத் தடவிக்கொண்டார்.

“அதிகாரி அவர்களே, ஒரு ஆட்சேபணை. ஊர்த் தலைவராக நிற்பவர் இந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும். லாலாம் இந்த ஊர் இல்லை. இந்த ஊரில் பிறக்கவில்லை. மாடு கொடுத்து இந்த ஊருக்குக் கட்டி வரவும் இல்லை. விருந்தாளி. விருந்தாளியைத் தலைவராக்கும் வழக்கம் பஜெங்கோவில் கிடையாது.”

இதை லாலாம் எதிர்பார்க்கவில்லை. குளிர்கண்ணாடி அம்மாளும் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை.

வாத்தியார் புத்தகத்தைப் புரட்டினார். “இருப்பிடச் சான்று வேண்டும். இந்தப் பெண் இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவர் என்று புருஷன் தரப்பில் யாராவது சொல்வீர்களா? இல்லாவிட்டால் பெயரை நீக்க வேண்டியதுதான்.”

அப்புறம் ஒரு கோட்டு எழுந்தது.

“நான் சொல்லுதேன்,” என்றான் ஒஜாரா.

லாலாமின் வாய் திறந்தபடி நின்றது.

“அவுக எங்க அண்ணன் பொண்டாட்டி. எங்க குலத்து மருமக. எங்க அடுப்பு அவுக அடுப்பு. யாருய்யா விருந்தாளிங்கறது?” அவன் குரல் வங்கி வாசலில் திருடனைப் பார்த்துவிட்ட மாதிரி உயர்ந்தது. “எங்க வீட்டுப் பொம்பளையைப் பாத்து இனி எவனாவது விருந்தாளின்னா பல்லு இருக்காது!”

அவன் குலத்து ஆண்கள் எழுபது எண்பது பேர் ‘ஆமா’ என்று கூவினார்கள். எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறான் என்பது லாலாமுக்கு அப்போதுதான் உறைத்தது. எதற்காக? ஜல்லிக்காரன் கடலைத் தொலியை ஊதிவிட்டு அவளைப் பார்த்துத் தலையாட்டினான். லட்டிகோ போடாத சீலை அவள் போட வேண்டும், அதற்குத்தான்.

“மாடு கொடுத்தீர்களா?” என்றார் வாத்தியார்.

“நாலு மாடு.”

“முழுசாக?”

“முழுசா. வாலோட.”

கூட்டம் சிரித்தது. சிரிக்காதவன் ஒரே ஒருத்தன். கோமாகெச் பாதி எழுந்துவிட்டான். அவன் வாயைத் திறந்தால் லாலாமின் பெயர் நோட்டிலிருந்து போகும். திறக்காவிட்டால் மாடு போகும். லாலாம் அவனைப் பார்த்தாள். தலையை ஆட்டவுமில்லை, கையைக் காட்டவுமில்லை. அவள் எதைக் கேட்பது என்று அவளுக்கே தெரியவில்லை. கோமாகெச் உட்கார்ந்தான். உட்கார இடம் பார்க்காமல் ஈர வேரின்மேல் உட்கார்ந்தான்.

வாத்தியார் எழுதினார்: யுஸ்தினோவின் மனைவி லாலாம், நாலு மாடு கொடுத்து முறைப்படி வந்தவர். வீடு எது, வயல் எது என்று கேட்டார். “பாறையிலேருந்து ஓடை வரைக்கும் எங்கண்ணன் பங்கு, அதுதான் அவுக வயலு,” என்று ஒஜாரா வள்ளலாகச் சொன்னான். கையெழுத்தைப் பூப்போட்டுப் போட்டான்.

“இப்போதைய தலைவர் சீல் வேண்டும்,” என்றார் வாத்தியார்.

லட்டிகோ நிமிர்ந்தார். “நான் ஆட்சேபித்த பத்திரத்தில் நானே போடுவதா?”

“ஆட்சேபணையையும் கீழே எழுதிக்கொள்கிறேன். நீங்கள் போடாவிட்டால் பரவாயில்லை. வட்டார அலுவலகத்தில் அவர்கள் சீல் போட்டுக்கொள்வார்கள்.”

“அவர்கள் சீலா?” லட்டிகோவின் முகம் கறுத்தது. “பஜெங்கோ காகிதத்திலா?”

பை திறந்தது. சீலின் மேல் ஒருமுறை ஊதினார். பதினேழு வருஷத்தில் சீல் இல்லாத காகிதம் எதுவும் அவரைத் தாண்டிப் போனதில்லை; இதுவும் போகவில்லை. அழுத்திப் பதித்துவிட்டு, எழுத்து நேராக விழுந்திருக்கிறதா என்று தலையைச் சாய்த்து வேறு பார்த்தார்.

லாலாம் பெண்கள் பக்கம் திரும்பினாள். அக்வேரோ இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுக் களி தின்ற முகம் இல்லை அது.

“அக்வேரோ, எனக்கு இது தெரியா—”

“வாலோட நாலு மாடு,” என்றாள் அக்வேரோ. “எங்களுக்குத்தான் ஒரு கொம்புகூடக் கிடைக்கல. எப்போ பேசி முடிச்சீக ரெண்டு பேரும்? களை எடுக்கும்போதே முடிஞ்சிட்டா? நான் கூமுட்டை, வீடு வீடா அலைஞ்சேன்.”

“ஏட்டி, நான் சொல்லுதத—”

விசில். “வேட்பாளர்கள் மரத்துக்கு! இனிப் பேசினால், திரும்பிப் பார்த்தால், மிரட்டியதாக எழுதுவேன்.”

மாமரத்துப் பட்டையில் செவ்வெறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன. லாலாம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரெண்டு கை தள்ளி லட்டிகோ, அதே மரத்தை முறைத்துக்கொண்டு. பின்னால் கால்கள் சேற்றில் நகரும் சத்தம். டயர் செருப்புகள். யாரோ யாரையோ இழுக்கிறார்கள், யாரோ உதறுகிறார்கள். பெண்கள் வந்து நின்றால் அவர்கள் உடம்பில் தேய்க்கும் யாக்கொட்டை எண்ணெய் வாசம் அடிக்கும். அவள் மூக்கை விரித்துக் காத்திருந்தாள். அடித்தது புகையிலை. முதுகுக்கு நேர் பின்னால் ஒரு ஆம்பளை இருமினான். அந்த இருமல் அவளுக்குத் தெரியும்.

“பயப்படாதீக மதினி,” என்றது இருமல், காதோரமாக. “குலம் முழுசும் உங்க பின்னால நிக்குது.”

திரும்பக் கூடாது. ஒரு எறும்பு அவள் நெற்றியில் ஏறியது. வாத்தியார் தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணுகிற சத்தம் நெருங்கி வந்து, தாண்டி, தூரப் போனது.

“திரும்பலாம்.”

திரும்பினாள். அவளுக்குப் பின்னால் தொப்பி, தொப்பியாக ஆண்கள். நடுநடுவே பத்துப் பன்னிரண்டு பெண்கள், புருஷன் கைப்பிடியில். லட்டிகோவுக்குப் பின்னால் அவர் குலமும், அதன் கடைசியில் நீளமாக ஒரு வரிசைப் பெண்களும். முன்னால் அக்வேரோ, கையைக் கட்டிக்கொண்டு. சிலர் அந்த மஞ்சள் பனியனையே போட்டிருந்தார்கள். தனக்காக வாக்குக் கேட்டு வாங்கிய ஒவ்வொரு முகமும் எதிர்வரிசையில் நிற்பதைப் பார்த்தபோது, யாரோ அடுப்புச் சாம்பலை வாயில் அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது.

“லட்டிகோ, எண்பத்தெட்டு,” என்றார் வாத்தியார். “லாலாம், தொண்ணூற்றிரண்டு. லாலாம் ஊர்த் தலைவர்.”

ஆண்கள் கூவினார்கள். பெண்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஜெயித்தவளின் முகத்தைப் பார்த்த வாத்தியார் ஒருவேளை தப்பாக வாசித்துவிட்டோமோ என்று நோட்டை மறுபடி பார்த்தார்.

முடிவு வந்ததும் பேச லட்டிகோ ஒரு உரை தயாரித்திருந்தார், தான் ஜெயிப்பதாக வைத்து. அதைச் சொல்ல முடியாமல், சீலை ஒப்படைக்கப் பையைத் தலைவழியாகக் கழற்றப் பார்த்தார். பதினேழு வருஷத்தில் கயிறு சுருங்கியிருந்தது, அல்லது தலை பெருத்திருந்தது, காதைத் தாண்டவில்லை. கடைசியில் அக்வேரோவின் களைக்கத்தியை வாங்கி அறுத்தார்கள். மனிதர் தோல் உரித்த கோழி மாதிரி நின்றார். பாவமாகக்கூட இருந்தது.

சீல் லாலாமின் கையில் சூடாக இருந்தது. அது ஆறுவதற்குள் ஒஜாரா கோட்டுக்குள்ளிருந்து பத்திரத்தை எடுத்து மேசையில் விரித்துவிட்டான். ஜல்லிக்காரன் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி வந்தான்.

“இங்கன ஒரு குத்து, மதினி. இந்தா, இந்தப் புள்ளிக்கோட்டுக்கு மேல.”

அக்வேரோ தரையில் துப்பினாள். அறுபது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லாலாம் பத்திரத்தைப் பார்க்கவில்லை. “வாத்தியாரே, காலையில கொழுந்தனாரு கையெழுத்துப் போட்டதை ஒருக்கா வாசிங்க.”

வாத்தியார் வாசித்தார். பாறையிலிருந்து ஓடை வரைக்கும் வந்ததும் லாலாம் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அது யாரு வயலுன்னு போட்டிருக்கு?”

“யுஸ்தினோவின் மனைவி லாலாமின் வயல்.”

“நான் விக்கல,” என்றாள் லாலாம். குரல் வெளியே வந்ததா என்று சந்தேகமாக இருந்ததால் இன்னொரு தடவை சொன்னாள். “என் வயலை நான் விக்கல கொழுந்தனாரே.”

ஒஜாராவுக்குப் புரிய நேரம் பிடித்தது. முதலில் சிரித்தான், பெண்பிள்ளை விளையாடுகிறாள் என்று. அப்புறம் கூட்டத்தைப் பார்த்தான். கோட்டின் கழுத்தைத் தளர்த்தினான்.

“என்ன மாடு? எவன் கொடுத்தான் மாடு?” என்று கத்தினான். “அத்தனையும் பொய்! எங்கண்ணன் ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கொடுக்கல! இவ எங்களுக்கு ஒண்ணும் இல்லை!”

“கேட்டீர்களா?” லட்டிகோவுக்கு உயிர் வந்தது. கை தானாக வெறும் நெஞ்சைத் தடவியது. “அப்படியானால் இவள் ஊர்க்காரி இல்லை. தேர்தல் செல்லாது. சீலைக் கொடு.”

வாத்தியார் மூக்கைச் சொறிந்தார். “கொடுத்தேன் என்று கையெழுத்துப் போட்டவரே கொடுக்கவில்லை என்கிறார். நான் எதை எழுத? மாடு வாங்கிக்கொண்ட தரப்பில் யாராவது இருக்கிறீர்களா?”

எல்லாத் தலையும் மாமரத்து வேரின் பக்கம் திரும்பியது. கோமாகெச் எழுந்தான். கால்சட்டையின் பின்புறம் ஈரமாக ஒட்டியிருந்தது. கேட்க வந்த நாலு மாட்டுப் பேச்சு அவன் தொண்டையில் இருந்தது. அதைக் கேட்க இதைவிட நல்ல சபை அவனுக்கு இனி அமையாது. லாலாம் சீலைப் பிடித்திருந்த கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள். இல்லையென்று சொன்னால் அவனைக் குறை சொல்ல மாட்டேன் என்று நினைத்தாள். அந்த நினைப்பு முடிவதற்குள் அவன் பேசிவிட்டான்.

“வாங்கினேன்.”

“எத்தனை?”

“நாலு.”

“பொய்! என்ன மாடு, சொல்லு பாப்போம்!” என்றான் ஒஜாரா. “நிறம் என்ன, கொம்பு என்ன?”

கோமாகெச் அவனைப் பார்க்கவில்லை. பாறை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“ஒண்ணு செவலை. வலது கொம்பு பாதியில முறிஞ்சது. தண்ணியில இறங்கப் பயப்படும்; பின்னாலேருந்து தள்ளணும். ஒண்ணு மயிலை. மடியில ஒரு காம்பு அடைப்பு, ஆனா மத்த மூணுலயும் கறந்து மாளாது. ஒண்ணு வெள்ளை, காதுல கிழிசல். சாயந்திரம் பட்டிக்கு எப்பவும் கடைசியாத்தான் வரும். விசிலடிச்சாத்தான் வரும்.”

லாலாமுக்கு அந்த விசில் தெரியும். அவளுக்கு ஏழு வயசு, அண்ணனுக்குப் பதின்மூன்று. அப்பாவின் பட்டியில் இருந்த மாடுகள் இவை. துப்பாக்கிக்காரர்கள் ஓட்டிக்கொண்டு போன பிறகு ஒரு வாரம் அண்ணன் சாயந்திரமானால் வெறும் பட்டி வாசலில் நின்று விசிலடித்தான். அப்பாதான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார். முப்பத்தொரு வருஷத்தில் அந்த மாடுகளைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை.

கூட்டத்தில் நாற்பது வயசுக்கு மேலான யாரும் சிரிக்கவில்லை. தொப்பிக்காரர் ஒருத்தர் தொப்பியைக் கழற்றினார். ஒஜாராவின் குலத்தவர்தான்.

“நாலாவது?” என்றார் வாத்தியார்.

கோமாகெச் வாயைத் திறந்து, மூடினான்.

“காரிக் கன்னுக்குட்டி,” என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி வந்தது. “நெத்தியில வெள்ளை. என் கடலைத் தோட்டத்துல புகுந்து தின்னு தீத்துச்சு வாத்தியாரே. நான் கல்லை விட்டெறிஞ்சேன். வேணும்னா என்னையும் எழுதிக்கோங்க. பேரு அக்வேரோ.”

“என் பானையை உடைச்சதும் அதுதான்,” என்றாள் இன்னொருத்தி.

“கன்னுக்குட்டியா அது? பிசாசு,” என்றாள் மூன்றாமவள், மஞ்சள் பனியன்.

ஒஜாரா கையை விரித்துத் தன் குலத்தைப் பார்த்தான். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜல்லிக்காரன் மோட்டார் சைக்கிளை உதைத்தான். ரெண்டாவது உதையில் கிளம்பிற்று.

“இப்போது அந்த மாடுகள் எங்கே?” என்றார் வாத்தியார், பேனாவை நோட்டில் வைத்தபடி. அதில் அப்படி ஒரு கட்டம் இருந்தது போல.

கோமாகெச் அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

“உங்க மாடெல்லாம் எங்க போச்சோ அங்கதான் வாத்தியாரே.”

பேனா நின்றது. அந்தப் பெரிய கோட்டுக்குள் அவர் ஒருமுறை தோளை ஒடுக்கிக்கொண்டார். பிறகு நோட்டில் ‘4’ என்று எழுதி, கோமாகெச்சிடம் கையெழுத்து வாங்கி, லாலாமின் பக்கம் நகர்த்தினார். அவள் போட்ட முதல் சீல் கோணலாக விழுந்தது. லட்டிகோ அதைப் பார்த்து ‘ச்சே’ என்றார்.

பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அக்வேரோ முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், மன்னிப்பா கோபமா என்று பிரிக்க முடியாத அடி. லாலாம் அதையெல்லாம் விலக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினாள். கோமாகெச் அதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டிருந்தான்.

“அண்ணே, சாப்பிட்டுட்டுப் போ. மழை வருது.”

“வேண்டாம்.” அவன் ஒரு காலைத் தரையில் ஊன்றினான். முகம் திரும்பவில்லை. “எட்டு மைல் இருக்குல்லா? அந்தப் பயல்கிட்ட என்னத்தைச் சொல்லன்னு யோசிச்சுக்கிட்டே மிதிக்கணும்.”

மிதித்தான். சேற்றில் சக்கரம் முதலில் வழுக்கியது, அப்புறம் பிடித்துக்கொண்டது.